மூக்குக்குள் ஒரு கலிங்கு

மழைக்காலம் வந்துவிட்டால் வகுப்பில் நாலு பேருக்காவது மூக்கடைப்பும் தலைபாரமும்தான். பாட்டி நொச்சித்தழை போட்டு ஆவி பிடிக்கச் சொல்வார். பழைய வைத்தியர்கள் இதைப் பீனிசம் என்றார்கள். பெரும்பாலும் சில நாளில் குணமாகிவிடும். மூன்று மாதத்திற்கு மேல் நீடித்தால்தான் நாள்பட்ட சைனஸ் நோய். அப்போது டாக்டர், "ஆபரேஷன்" என்றால் வீடே கலங்கிப் போகிறது.

நம் முகத்து எலும்புகளுக்குள் நான்கு ஜோடிக் காற்றறைகள் உள்ளன. அவையே சைனஸ்கள். அங்கே ஊறும் சளி சிறு துவாரங்கள் வழியாக மூக்கிற்குள் வடியவேண்டும். வேடிக்கை என்னவென்றால், கன்னத்து அறைக்குத் துவாரம் அடியில் இல்லை, உயரத்தில் இருக்கிறது! ஒக்கூர்ப் பக்கத்துக் கண்மாய் ஒன்றை எண்ணிக்கொள்ளுங்கள். மடை கிடையாது, மேலே கலிங்கு மட்டும். பிறகு சளி எப்படி ஏறுகிறது? அறையின் உட்சுவரிலுள்ள நுண்ணிய மயிரிழைகள் ஓயாமல் அசைந்து, அதைத் துவாரம் நோக்கித் தள்ளுகின்றன.

1890களில் அமெரிக்காவில் கால்டுவெல், பாரிஸில் லூக் என்ற இரு மருத்துவர்கள், மேலுதட்டை உயர்த்தி ஈறுக்கு மேலே கீறி, எலும்பைத் துளைத்து, கன்ன அறையைச் சுத்தம் செய்யும் முறையைத் தனித்தனியே கண்டனர். அத்துடன் மூக்கின் அடிப்பக்கமாகப் புதுவழி திறப்பதும் வழக்கமாயிற்று. நெடுங்காலம் இதுவே சைனஸ் ஆபரேஷன். முகம் வீங்கும், ஈறும் கன்னமும் மரத்துப் போவதுண்டு. பெரியவர்கள் இன்றும் அஞ்சுவது இதை நினைத்துத்தான்.

ஆஸ்திரியா நாட்டின் கிராட்ஸ் நகரில் மெசர்கிளிங்கர் என்ற மருத்துவர், சளி செல்லும் பாதையைப் பொறுமையாக ஆராய்ந்தார். கீழே புதிதாக மடை வெட்டினாலும் சளி அதை ஒதுக்கிவிட்டுப் பழைய கலிங்கையே தேடிப் போயிற்று! ஆகவே அடைபட்ட அந்த இயற்கை வழியைச் சீராக்கினால் போதும், அறை பெரும்பாலும் தானே தேறிவிடும் என்று கண்டார். 1978இல் இதுபற்றி அவர் நூல் வெளிவந்தது. 1980களில் ஸ்டாம்பர்கர், கென்னடி ஆகியோர் இம்முறையை உலகெங்கும் பரப்பினர்.

இன்று வெளியே கீறல் இல்லை. மயக்க மருந்து கொடுத்து, சுமார் 4 மில்லிமீட்டர் பருமனுள்ள எண்டாஸ்கோப்பை மூக்குத் துவாரம் வழியே செலுத்திப் பார்த்தபடி அடைப்பை நீக்குகிறார்கள். கண்ணுக்கும் சைனஸுக்கும் இடையே காகிதம் போன்ற மெல்லிய எலும்புதான் இருக்கிறது; அதனால்தான் முன்கூட்டியே சி.டி. ஸ்கேன் எடுக்கச் சொல்கிறார்கள். அந்தச் செலவு வீண் அல்ல.

மருந்தும், காய்ச்சி ஆறவைத்த உப்புநீரால் மூக்கைக் கழுவுவதும் பலன் தராதபோதுதான் பெரும்பாலும் கத்தி எடுப்பார்கள். ஆபரேஷனுக்குப் பின்னும் கழுவுதல் தொடரவேண்டும். மூக்கில் சதை வளர்ந்தவர்களுக்கு அது மறுபடி வளரக்கூடும்.

பெற்றோருக்கு ஒரு சொல்: தலைவலியெல்லாம் சைனஸ் அல்ல, ஒற்றைத் தலைவலியாகவும் இருக்கலாம். ஒரு பக்கம் மட்டும் நாற்றத்துடன் சளி வந்தால் மேற்பற்களையும் காட்டுங்கள். அவற்றின் வேர்கள் கன்ன அறையை ஒட்டியே இருக்கின்றன. சளியோடு கண் வீங்கினாலோ பார்வை மங்கினாலோ ஆவி பிடித்துக் காத்திராமல் அன்றே மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லுங்கள்.