நம்மவர் எண்ணிக்கை உண்மையில் குறைகிறதா?

மக்கள்தொகைக் கணக்கு வெளிவரும் போதெல்லாம் கிள்ளானிலும் பிரிக்ஃபீல்ட்ஸிலும் "நம்மவர்கள் குறைந்துகொண்டே போகிறார்கள்" என்ற பேச்சு எழுகிறது. இதில் பாதிதான் உண்மை.

1957-இல் மலாயாவில் நூற்றுக்கு 11 பேர் இந்தியர்கள். மலேசியக் குடிமக்களில் இந்தியர்களின் பங்கு 2010-இல் 7.3 விழுக்காடு, 2020-இல் 6.7 விழுக்காடு. ஆனால் தலைக்கணக்கு அந்தப் பத்தாண்டில் ஏறத்தாழ 19 இலட்சத்திலிருந்து 20 இலட்சமாகக் கூடியிருக்கிறது. நாம் மெதுவாகக் கூடுகிறோம், நாடு வேகமாகக் கூடுகிறது. அதனால் விகிதம் இறங்குகிறது.

ஓர் ஆண்டில் பிறந்தவர்களின் எண்ணிக்கையிலிருந்து இறந்தவர்களைக் கழித்தால் கிடைப்பது இயற்கைப் பெருக்கம். குடியேறியவர், வெளியேறியவர் கணக்கு இதில் சேராது.

தொடக்கத்தில் நம் எண்ணிக்கையைக் கூட்டியது கப்பல்தான். வந்தவர்களில் பெரும்பாலோர் ஆண்கள். மலேரியா தோட்டங்களில் பலரைக் கொண்டுபோனது. 1901-இல் கிள்ளானில் பணியாற்றிய டாக்டர் மால்கம் வாட்சன் சதுப்பு நீரை வடியச் செய்து கொசுவைக் கட்டுப்படுத்திய பிறகு அந்நகரில் காய்ச்சல் சாவு வெகுவாகக் குறைந்தது. 1938-இல் தோட்டத் தொழிலாளர் அனுப்பப்படுவதை இந்திய அரசு தடுத்தது. அதன்பின் தோட்டங்களில் பிறந்த பிள்ளைகளே நம் சமூகத்தை வளர்த்தனர்.

1970-இல் மலேசியப் பெண் ஒருவருக்குச் சராசரியாக 4.9 பிள்ளைகள். 2022-இல் இந்தியப் பெண்களின் சராசரி ஏறத்தாழ 1.1. பெற்றோரின் இடத்தைப் பிள்ளைகள் நிரப்ப 2.1 வேண்டும். முன்பு பெருமளவில் பிறந்தவர்கள் இன்னும் நம்மோடு இருப்பதால்தான் மொத்தக் கணக்கு இறங்கவில்லை. அவர்கள் முதுமை அடையும்போது இறப்பு பிறப்பை மிஞ்சக்கூடும்.

ஆப்பிரிக்காவின் தெற்கே போட்ஸ்வானாவில் 1990-களில் எய்ட்ஸ் நோயால் இறப்பு பெருகி இயற்கைப் பெருக்கம் சரிந்தது. 2002 முதல் அரசு இலவசமாக மருந்து கொடுத்ததும் இறப்பு குறைந்தது. நம் நிலை வேறு. இங்கே சரிந்தது பிறப்பு, அதற்கு மருந்து இல்லை.

தோட்டத்தில் குழந்தையைப் பார்த்துக்கொள்ள ஆயாக் கொட்டகை இருந்தது, பாட்டி இருந்தார், பக்கத்து வீடு இருந்தது. தோட்டங்கள் துண்டாடப்பட்டு நகரத்துக்கு வந்த குடும்பத்தில் கணவன் மனைவி இருவரும் வேலைக்குப் போகிறார்கள். அடுக்குமாடி வீட்டு வாடகையும் குழந்தைப் பராமரிப்புக் கட்டணமும் சம்பளத்தை விழுங்குகின்றன. பெண்கள் கூடுதலாகப் படித்து, தாமதமாக மணம் முடிக்கிறார்கள். படிப்பு நல்ல மாற்றம். அதைக் குறை சொல்வதில் பொருளில்லை.

விளைவு முதலில் தெரிவது தமிழ்ப்பள்ளியில். 500-க்கும் மேற்பட்ட தமிழ்ப்பள்ளிகளில் ஒரு காலத்தில் ஓர் இலட்சத்துக்கும் அதிகமான மாணவர்கள் படித்தனர். இப்போது அந்த எண்ணிக்கை வெகுவாக இறங்கிவிட்டது. மக்கள் இடம்பெயர்ந்ததால் தோட்டப்பள்ளிகள் காலியாயின. இனி நகரப் பள்ளிகளிலும் முதலாம் ஆண்டு வகுப்பு சிறுக்கும்.

அதிகம் பெற்றுக்கொள்ளுங்கள் என்று யாரையும் வற்புறுத்த முடியாது. ஆனால் பிள்ளை வேண்டும் என்று விரும்பும் தம்பதியருக்கு வழி இருக்க வேண்டும். தேசிய மக்கள்தொகை, குடும்ப மேம்பாட்டு வாரியத்தின் மருத்துவ நிலையங்களில் குழந்தைப்பேறு ஆலோசனை கிடைக்கிறது. ஆலயங்களும் பொது இயக்கங்களும் மலிவான குழந்தைப் பராமரிப்புக்கும் முதியோர் பகல்நேரக் கவனிப்புக்கும் தங்கள் மண்டபங்களைத் திறந்துவிடலாம். இருக்கும் பிள்ளைகளை முதலாம் ஆண்டில் தமிழ்ப்பள்ளியில் பதிவது நம் கையில்தான் இருக்கிறது.