மூடிய கதவும் இறைவனின் அழைப்பே

குருமடத்தினின்றோ கன்னியர் மடத்தினின்றோ பிள்ளை திரும்பி வந்துவிட்டால், “ஊர் என்ன சொல்லும்?” என்பதே வீட்டில் எழும் முதற் கேள்வி. அப்பிள்ளையின் உள்ளத்தில் எழும் கேள்வியோ வேறு: “கடவுளும் என்னைக் கைவிட்டாரோ?” இவ்விரு கேள்விகளுக்கும் புனித கமில்லஸின் வாழ்வு மறுமொழி கூறுகின்றது.

இவர் 1550-ஆம் ஆண்டு இத்தாலி நாட்டின் புக்கியானிக்கோ ஊரிற் பிறந்தார். இளமையிலேயே தாயை இழந்தார். தந்தையைப் போலவே படைவீரரானார், சூதாட்டத்திற்கு அடிமையுமானார். காலில் ஆறாப் புண் ஒன்று ஏற்பட்டது. உரோமையில் புனித யாகப்பர் மருத்துவமனையில் சிகிச்சை பெற்று, அங்கேயே ஊழியமும் செய்தார். சூதையும் சச்சரவையும் விடாமையால் வெளியேற்றப்பட்டார். 1574-இல் நேப்பிள்ஸ் நகரில் கைப்பொருள் அனைத்தையும் சூதில் தோற்று, பின்னர் மன்பிரதோனியாவில் கப்புச்சின் துறவியரின் கட்டட வேலையில் கூலியாளானார்.

அங்கே துறவி ஒருவர் கூறிய அறிவுரை அவர் நெஞ்சைத் தைத்தது. 1575 பெப்ருவரி 2-ஆம் நாள், வழியிலேயே மண்டியிட்டுத் தம் பாவங்களுக்காகக் கதறி அழுதார். கப்புச்சின் சபையிற் சேர்ந்தார். ஆனால், துறவற உடை உராய்ந்து காற்புண் பெரிதாகவே, சபையார் அவரை அனுப்பிவிட்டனர். மீண்டும் சென்றார், மீண்டும் அதே புண், அதே முடிவு.

எங்கே போவார்? முன்பு தம்மை வெளியேற்றிய அதே மருத்துவமனைக்கே போனார். அங்கே, கூலிக்காக மட்டும் உழைத்த ஊழியரால் நோயாளிகள் புறக்கணிக்கப்படுவதைக் கண்டார். புண்ணின் வேதனையைத் தம் உடலிலேயே அறிந்தவர் அல்லவா? 1582-இல், அன்பிற்காகவே நோயாளிகளைப் பேணும் தோழர் குழு ஒன்றைத் திரட்ட எண்ணினார். முப்பது வயது கடந்தபின் சிறுவரோடு அமர்ந்து இலத்தீன் பயின்று, 1584-இல் குருவானார். 1586-இல் ஐந்தாம் சிக்ஸ்துஸ் பாப்பரசர் அவரது குழுவை அங்கீகரித்து, உடையில் சிவப்புச் சிலுவை அணியவும் அனுமதித்தார். உயிருக்கு ஆபத்து வரினும் நோயாளிகளைக் கைவிடோம் என்பது அச்சபையாரின் நான்காம் வார்த்தைப்பாடு.

1614 ஜூலை 14-இல் அவர் இறக்குமட்டும் அப்புண் ஆறவில்லை. 1886-இல் பதின்மூன்றாம் சிங்கராயர் பாப்பரசர் அவரை நோயாளிகளின் பாதுகாவலராக அறிவித்தார்.

அன்பார்ந்த பெற்றோரே, திரும்பி வந்தோர் யாவரும் சபை நிறுவுவர் என நாம் கூறவில்லை. இல்லறமும் இறையழைத்தலே. ஆயினும், ஒரு கதவை மூடிய இறைவன் அப்பிள்ளையை மறந்துவிடவில்லை. மறு கதவு திறக்கும்வரை, நம் வீட்டுக் கதவாவது அவனுக்கு, அவளுக்குத் திறந்திருக்கட்டும்.