அப்பாவின் தப்பும் குன்றத்துத் தொண்டகமும்

உடும்பஞ்சோலைப் பக்கத்து மழை ஏலச்செடிக்கு நல்லது, தப்புப் பறைக்கு ஆகாது. பனி இறங்கினால் தோல் ஈரத்தை உறிஞ்சித் தொய்ந்துவிடும். அடித்தால் சத்தம் எழும்பாது. அப்பா தோட்டத்து லய வீட்டு முற்றத்தில் சருகைக் கொளுத்தி, தப்பைத் திருப்பித் திருப்பி அனலில் காட்டுவார். ஈரம் போகப் போகத் தோல் விறைக்கும், சுருதி ஏறும். விரலால் சுண்டிப் பார்த்து, கணீரென்றதும் தோளில் மாட்டிக்கொள்வார். பகலெல்லாம் ஏலக்காட்டில் மருந்தடித்த கை அது.

தேவாரத்திலிருந்து மலையேறி வந்தபோது தாத்தா கொண்டுவந்த தப்பு. வேப்பமரச் சட்டம், புளியங்கொட்டைப் பசையால் ஒட்டிய கன்றுத்தோல். வலக்கையில் குட்டையான அடிக்குச்சி, இடக்கையில் மெல்லிய மூங்கில் சுண்டுகுச்சி. வேறொன்றும் வேண்டாம்.

ஒரு சித்ரா பௌர்ணமிக்கு என்னை மங்கலதேவி கண்ணகி கோயிலுக்கு அழைத்துப்போனார். அந்த ஒருநாள் மட்டும்தான் காட்டுக்குள் பக்தர்களை விடுவார்கள். கம்பம் பக்கத்து ஆட்கள் பளியங்குடி வழியாக நடந்து ஏறுவார்கள். நாங்கள் குமுளியிலிருந்து ஜீப்பில் போனோம். கண்ணகி விண்ணேறியது இந்த மலையில்தான் என்பது மக்கள் நம்பிக்கை.

பின்னாளில் தமிழ் படித்தபோதுதான் சிலப்பதிகாரத்தின் 24ஆவது காதையான குன்றக்குரவைக்கு வந்தேன். கண்ணகி வானேறியதைக் கண்ட குன்றக்குறவர்கள் அவளைத் தங்கள் தெய்வமாக ஏற்றுக் கொண்டாடுகிறார்கள். அங்கே அவர்கள் முழக்கும் கருவிகளில் தொண்டகம், சிறுபறை, கொம்பு, மணி எல்லாம் உண்டு. அரசன் கோயில் எழுப்பும் முன்பே அவளுக்குப் பறை முழங்கிவிட்டது. அதை வாசித்தபோது சருகு நெருப்பின் முன்னால் குந்தியிருந்த அப்பாவைத்தான் நினைத்துக்கொண்டேன்.

பழந்தமிழர் நிலத்தை ஐந்தாகப் பிரித்தபோது தெய்வம், உணவு, தொழிலோடு ஒவ்வொன்றுக்கும் ஒரு பறையும் ஒரு யாழும் வகுத்தார்கள். மலைநிலமான குறிஞ்சிக்குத் தொண்டகம், பாலைக்குத் துடி. எந்தப் பறை கேட்கிறதோ அதைக் கொண்டே நிலத்தைச் சொல்லிவிடலாம்.

யாழின் கதை வேறு. வில்போல் வளைந்த யாழின் உறவுக் கருவி இன்றும் பர்மாவில் ஒலிக்கிறது. நம் மண்ணிலோ வீணை வந்த பிறகு யாழ் மறைந்தது. அதை மீட்க மட்டக்களப்புப் பகுதியில் பிறந்த விபுலானந்த அடிகள் பல்லாண்டு உழைத்தார். அவருடைய ‘யாழ் நூல்’ 1947இல் வெளிவந்தது. அதே ஆண்டில் அவரும் மறைந்தார்.

பறையை மீட்க அப்படி ஒரு நூல் தேவைப்படவில்லை. சாவு வீட்டிலும் சாமி ஊர்வலத்திலும் கை மாறி, அவமதிப்பையும் தாங்கிக்கொண்டு உயிரோடு வந்து சேர்ந்திருக்கிறது. 2025இல் பறையிசைக் கலைஞர் வேலு ஆசானுக்குப் பத்மஸ்ரீ விருது அறிவித்தபோது, தாத்தா இதைக் கேட்க இல்லையே என்று அழுதேன்.

எங்கள் ஊர்த் திருவிழா நோட்டீஸில் பந்தல்காரர் பெயர் இருக்கும், மைக்செட்காரர் பெயர் இருக்கும். முப்பது வருடம் அடித்த அப்பாவின் பெயர் ஒருமுறைகூட இருந்ததில்லை. உங்கள் ஊரில் அடுத்த நோட்டீஸ் அச்சுக்குப் போகும்முன், தப்படிப்பவரின் பெயரைக் கேட்டு அதில் சேர்த்துவிடுங்கள்.