எங்க ஊருக்குத் தெரு கிடையாது!

காலேஜ் ஹாஸ்டல் விண்ணப்பத்தில் 'கதவு எண்', 'தெரு' என்று இரண்டு கோடு போட்டிருந்தார்கள். இரண்டையும் காலியாக விட்டுவிட்டு, மூன்றாவது கோட்டில் 'நெல்லிவாசல்நாடு' என்று எழுதிக் கொடுத்தேன். வாங்கிப் பார்த்த கிளார்க் கண்ணாடிக்கு மேலாக என்னைப் பார்த்தார்.

''என்ன தம்பி, தெருவே இல்லாத ஊரா?''

''ஆமா சார்.''

''வீடாவது இருக்கா, அதுவும் இல்லையா?''

அடுத்த கட்டத்தில் இனம் 'மலையாளி' என்று இருந்தது. ''அடடே... கேரளாவா? அதான பார்த்தேன்!'' என்று அவரே ஒரு முடிவுக்கு வந்து, மேற்கொண்டு என்னிடம் மலையாளத்தில் குசலம் விசாரிக்க ஆரம்பித்துவிட்டார். மலையிலே இருக்கிற ஆள் மலையாளி, எங்களுக்கும் பாலக்காட்டுக்கும் ஒரு சம்பந்தமும் கிடையாது, எங்க ஆயாவைக் கேட்டால் ''நாம காஞ்சிபுரத்துலேர்ந்து மலையேறுனவங்க'' என்பாள்... இதையெல்லாம் அவருக்கு விளக்கி முடிப்பதற்குள் ஹாஸ்டலில் மத்தியானச் சாப்பாடு தீர்ந்துபோயிருந்தது.

நெல்லிவாசல்நாடு எங்கே இருக்கிறது என்று கேட்கிறீர்களா? திருப்பத்தூரிலிருந்து ஜவ்வாது மலை ஏறினால் புதூர்நாடு, புங்கம்பட்டு நாடு, நெல்லிவாசல்நாடு என்று மூன்று 'நாடு'கள். மூன்றிலுமாகச் சேர்த்து 32 குக்கிராமங்கள். நான் பிறந்தபோது அது வட ஆற்காடு மாவட்டம். 1989-ல் பிரித்து, வட ஆற்காடு அம்பேத்கர் மாவட்டம் என்றார்கள். அப்புறம் வேலூர் மாவட்டம். 2019 நவம்பர் 28-லிருந்து திருப்பத்தூர் மாவட்டம். இத்தனை மாவட்டம் மாறியும் எங்கள் வீடு மட்டும் ஒரு அங்குலம்கூட நகரவில்லை!

ஊர்ப்பெயரிலேயே 'வாசல்' இருக்கிறது, கவனித்தீர்களா? பெயர்க்காரணம் வேறு எதுவாக வேண்டுமானாலும் இருக்கட்டும். என் சின்ன வயசு முழுக்க அந்த வாசல்களில்தான் கழிந்தது. டவுனில் தெரு முதலில் இருக்கும், அதைப் பார்த்து வீடு கட்டுவார்கள். எங்கள் குக்கிராமத்தில் பாறை எங்கே இல்லையோ அங்கே வீடு. ஒன்று கிழக்கே பார்க்கும், இன்னொன்று அதற்கு முதுகைக் காட்டிக்கொண்டிருக்கும். நடுவில் எஞ்சியதெல்லாம் வாசல். சாணம் தெளித்து மெழுகி, தரை பளிச்சென்று இருக்கும். ஒரு வீட்டிலிருந்து இன்னொரு வீட்டுக்குப் போக வேண்டுமானால் யாராவது ஒருவர் வாசல் வழியாகத்தான் போக வேண்டும்.

பள்ளிக்கூடம் போக எனக்கு ஏழு வாசல். முதல் வாசலில் பெரியம்மா புளி தட்டிக்கொண்டிருப்பாள். ''களி தின்னியாடா?'' என்பது அவள் கேள்வி. இரண்டாவது வாசலில் தாத்தா, ''எங்கடா போற?'' என்பார். தினமும்தான் போகிறேன், தினமும்தான் கேட்பார். மூன்றாவதில் பலாப்பழம் அறுத்தால் இரண்டு சுளை நிச்சயம். நாலாவதில் ஒரு நாய். இப்படி ஏழு பேருக்குப் பதில் சொல்லிப் போகிற பையன் எங்கேயிருந்து மட்டம் போடுவது? கால் வேறு பக்கம் திரும்பினால், சாயங்காலத்துக்குள் சேதி வீட்டுக்கு வந்து உட்கார்ந்திருக்கும்.

ஒவ்வொரு வாசலிலும் தரையோடு தரையாக ஒரு கல் உரல் பதித்திருக்கும். சாமை குத்துகிற உரல். சாமை இருக்கிறதே, அது லேசில் சோறாகிவிடாது. குத்த வேண்டும், புடைக்க வேண்டும், மறுபடி குத்த வேண்டும். விடியற்காலையில் இரண்டு பெண்கள் மாற்றி மாற்றி உலக்கை போடுகிற சத்தம்தான் எங்களுக்கு அலாரம். பெண்களுக்கு அது அலாரம் இல்லை, கைக்கொப்புளம். இப்போது மிஷின் வந்து அந்தப் பாடு குறைந்திருக்கிறது. நல்லதாகப் போயிற்று.

வீடு என்றால் மூங்கில் வீடு. மூங்கிலைப் பிளந்து தப்பையாக்கி, குறுக்கும் நெடுக்குமாகக் கட்டி, இரண்டு பக்கமும் செம்மண்ணை மிதித்து அப்பினால் சுவர். மேலே புல் கூரை. உள்ளே ஒரே அறை, ஒரு மூலையில் அடுப்பு, அடுப்புக்கு மேலே பரண். அந்தப் பரணில்தான் அடுத்த வருஷத்து விதை தொங்கும். ஓயாமல் புகை படுவதால் பூச்சி கிட்டே வராது. எங்கள் வீட்டுக்கு ஜன்னல் கிடையாது. புகையும் நாங்களும் ஒரே கதவு வழியாகத்தான் வெளியே வந்தோம்.

அப்புறம் எரவானம்! கூரை சரிந்து இறங்குகிற அந்த விளிம்புதான் எங்கள் பீரோ. கத்தி, அரிவாள், ஆயாவின் சீப்பு, அப்பாவின் பீடிக்கட்டு, என் ரேங்க் கார்டு... எல்லாம் அங்கேதான் செருகியிருக்கும். 'காணோம்' என்று யாராவது சொன்னால், ''எரவானத்துல பார்த்தியா?'' என்பதுதான் முதல் கேள்வி.

புல் கூரைக்கு ஆயுசு சில வருஷம்தான். அதற்குப் பிறகு பிரித்து வேய வேண்டும். சாமை அறுப்பு முடிந்து, புல் நன்றாகக் காய்ந்ததும் ஊர்க்கவுண்டர் நாள் சொல்வார். அன்றைக்கு ஊரே எங்கள் வாசலில். யாருக்கும் கூலி கிடையாது. சாமைச் சோறும் மொச்சைக் குழம்பும்தான். இன்றைக்கு நம் வீடு, இன்னொரு நாள் அவர்கள் வீடு. நாலு பேர் மேலே உட்கார்ந்து வேய, கீழேயிருந்து புல் கட்டைத் தூக்கி எறிவது எங்கள் வேலை. ''புல்லு... புல்லு...'' என்று மேலேயிருந்து குரல் வந்துகொண்டே இருக்கும். பழைய கூரையைப் பிரிக்கும்போது உதிரும் கரியில் எல்லோரும் ஒரே நிறமாகியிருப்போம். சாயங்காலம் புதுக்கூரை வெயிலில் பொன் மாதிரி மின்னும். அன்றைக்கு ராத்திரி உள்ளே படுத்தால் புல் வாசனை தூங்க விடாது.

இந்த இடத்தில் எனக்கு மனசு உருகும். என் அம்மாவுக்கு உருகாது.

''உனக்கென்ன சாமி, நீ டவுன்ல உக்காந்துகிட்டு வாசனை வாசனைன்னுவ. ராத்திரி முழுக்க ஒழுவுற எடத்துல சட்டிய மாத்தி மாத்தி வெச்சவ நானு. பங்குனி, சித்திரை ஆனா அடுப்புப் பொறி எங்க பறக்குமோன்னு கண்ணு மூடாம கெடந்தவளும் நானுதான்!''

பதில் சொல்ல முடியுமா? ஒழுகிய ராத்திரிகளில் நான் அம்மா மடியில் தூங்கிப் போயிருப்பேன். ஒரே கூரையின் கீழ்தான் இருந்தோம். ஆனால் அவள் நினைவில் இருக்கிற வீடு வேறு, என் நினைவில் இருக்கிற வீடு வேறு.

கூரை என்றதும் ஒன்று ஞாபகம் வருகிறது. எங்கள் மலைத்தொடரிலேயே காவலூரில் வானாய்வுக்கூடம் இருக்கிறதல்லவா? 1968-ல் சின்னத் தொலைநோக்கி ஒன்றை வைத்துக்கொண்டு வைணு பாப்பு ஆரம்பித்தது. 1986 ஜனவரியில் ராஜீவ் காந்தி வந்து, 2.3 மீட்டர் தொலைநோக்கியைத் திறந்து வைத்து, அந்த இடத்துக்கு பாப்பு பெயரையே சூட்டினார். அப்பா யாரிடமோ கேட்டுவிட்டு வந்து சொன்னார்: ''அங்க ஒரு வீடு கட்டியிருக்காங்களாம். ராத்திரியான கூரையத் தொறந்து வெச்சிடுவாங்களாம்!'' ஆயா வெகுநேரம் யோசித்துவிட்டு, ''நம்ம வீடும் அப்படித்தான இருக்குது... யாரும் வந்து பாக்கலையே!'' என்றாள். யுரேனஸ் கிரகத்துக்கு வளையம் இருப்பதை 1977-ல் கண்டுபிடித்த உலக வானாய்வுக்கூடங்களில் காவலூரும் ஒன்று என்று பின்னால் படித்தேன். தெருவிளக்கு இல்லாத மலை இருட்டும் அதற்கு ஒத்தாசை செய்திருக்கும், இல்லையா?

மலைக்குக் கீழே, திருப்பத்தூர் பக்கத்தில் பையம்பள்ளி. 1960-களில் அங்கே தொல்லியல் துறையினர் தோண்டினார்கள். புதிய கற்கால மனிதர்கள் தரையைக் குழித்து வீடு அமைத்த தடயமும், கம்பம் நட்ட குழிகளும் கிடைத்தன. மேலே வேய்ந்த கூரை மட்டும் கிடைக்கவில்லை. எப்படிக் கிடைக்கும்? மலை மேலே கீழ்சிப்பிலியில் வேறு மாதிரி வீடுகள் இருக்கின்றன. பெரிய பெரிய பலகைக் கல்லை நிறுத்தி, மேலே ஒரு கல்லை மூடி, முன்னால் ஒரு துவாரம் விட்டவை. குள்ளர் வீடு, வாலியர் வீடு என்பார்கள். உண்மையில் அவை பெருங்கற்காலத்து ஈமச் சின்னங்கள். செத்தவர்களுக்குக் கட்டிய வீடு இன்னும் நிற்கிறது, உயிரோடிருந்தவர்கள் குடியிருந்த வீடு மண்ணோடு மண்ணாகிவிட்டது. எங்கள் மூங்கில் வீடும் அந்த இரண்டாவது ஜாதிதான்.

ஆனால் புல் கூரை மறைந்ததற்கு மழையோ நெருப்போ மட்டும் காரணமில்லை. மேலே ஏற நாலு பேர் வேண்டும், கீழே எறியப் பத்துப் பேர் வேண்டும். ஆள் எங்கே? மலையில் சாமையும் புளியும் தேனும் வருஷத்துக்குப் போதவில்லை. ஆண்கள் கர்நாடகாவுக்கும் கேரளாவுக்கும் எஸ்டேட் வேலைக்குப் போனார்கள். சிலர் மேஸ்திரி பேச்சை நம்பி ஆந்திராவுக்கு மரம் வெட்டப் போனார்கள். 2015 ஏப்ரல் 7-ல் சேஷாசலம் காட்டில் ஆந்திர போலீஸ் சுட்டுச் செத்த 20 பேரில் ஜவ்வாது மலைக்காரர்களும் உண்டு. அதற்குப் பிறகு, வெளியூர் போன ஆண்பிள்ளையிடமிருந்து இரண்டு நாள் தகவல் இல்லையென்றால் வாசலில் உட்கார்ந்திருக்கிற பெண்களின் முகத்தைப் பார்க்க முடியாது. கூரை வேய நாள் குறிக்க ஊர்க்கவுண்டர் இருக்கிறார், தோள் கொடுக்கத்தான் ஆள் இல்லை.

அரசாங்கத்து வீடுகள் வராமல் இல்லை. முதலில் தொகுப்பு வீடு. 2010-ல் கலைஞர் வீட்டு வசதித் திட்டம். 2011-ல் சூரிய ஒளி விளக்கோடு 300 சதுர அடி பசுமை வீடு. ஒவ்வொரு தடவையும் லிஸ்ட்டில் பக்கத்து வீட்டுக்காரர் பெயர் இருக்கும், எங்கள் பெயர் அடுத்த தடவை வரும் என்பார்கள். கடைசியில் 2024-ல் வந்த 'கலைஞரின் கனவு இல்லம்' திட்டத்தில் தம்பி பெயர் வந்துவிட்டது. 360 சதுர அடி, மூன்றரை லட்சம் ரூபாய். அதில் 300 சதுர அடி கான்கிரீட், பாக்கி 60 சதுர அடிக்குத் தீப்பிடிக்காத வேறு கூரை போட்டுக்கொள்ளலாம். புல்லுக்கு அதில் இடமில்லை.

பழைய வீட்டைப் பிரிக்க வேண்டும் என்றதும், ''ஞாபகத்துக்கு அப்படியே இருக்கட்டுமே'' என்று போனில் சொல்லிப் பார்த்தேன். ''ஞாபகத்துல நீ வந்து குடியிருப்பியா?'' என்றாள் அம்மா. அதோடு அந்தப் பேச்சு முடிந்தது. அந்த 60 சதுர அடியை மட்டும் அவள் விட்டுக்கொடுக்கவில்லை. அது சமையல்கட்டு, மேலே ஓடு, ஓட்டுக்குக் கீழே மூங்கில் பரண். விதைக்குப் புகை வேண்டுமாம்.

சிமென்ட் மூட்டை மலை ஏறுவதற்குள் வாடகையிலேயே பாதி உயிர் போய்விட்டது. அது தனிக்கதை, இன்னொரு தடவை சொல்கிறேன். அஸ்திவாரத்துக்கு மேஸ்திரி கயிறு பிடித்த அன்றைக்கு நானும் போயிருந்தேன். கயிறு நேராக உரல் மேலே போயிற்று. ''மண்ணைப் போட்டு மூடிட்டா வேலை முடிஞ்சுது. வாசல் எதுக்கும்மா இவ்ளோ? அதான் ரோடு வரப்போவுதே'' என்றார் மேஸ்திரி.

அம்மா ஒன்றும் பேசவில்லை. முறத்தில் ரெண்டு படி சாமையைக் கொண்டுவந்து உரலில் கொட்டினாள். உலக்கையை எடுத்துக் குத்த ஆரம்பித்தாள். மிஷின் வந்து எத்தனையோ வருஷமாயிற்று, அவள் உலக்கை பிடித்தே பல நாளாகியிருக்கும். சத்தம் கேட்டு அடுத்த வாசலிலிருந்து பெரியம்மா எட்டிப் பார்த்தாள். அவளும் ஒரு உலக்கையோடு வந்து எதிரே நின்றுகொண்டாள்.

மேஸ்திரி கொஞ்ச நேரம் பார்த்தார். பீடியைப் பற்றவைத்தார். பிறகு முளைக்குச்சியைப் பிடுங்கி, ரெண்டடி உள்ளே தள்ளி நட்டார்.