பங்காளிகளின் கோட்டை

ஜெர்மனியின் மேற்கே, கோப்லென்ஸ், ட்ரியர் ஆகிய நகரங்களுக்கு இடையே வளைந்து வளைந்து ஓடும் மோசல் ஆற்றின் வடகரைக் காட்டுக்குள், எல்ஸ்பாக் என்னும் சிற்றோடை மூன்று பக்கமும் சுற்றிச் செல்லும் 70 மீட்டர் உயரப் பாறையின்மேல் எல்ட்ஸ் கோட்டை நிற்கிறது. நெடுந்தொலைவிலிருந்தே தெரியும்படி மலையுச்சியில் கட்டப்பட்ட கோட்டைகளைப் போலன்றி, இது தன்னைவிட உயர்ந்த குன்றுகளுக்கு நடுவே பள்ளத்தாக்கில் ஒதுங்கியிருப்பதால், காட்டுப் பாதையின் கடைசித் திருப்பத்தில்தான் அதன் முழு உருவமும் கண்ணில் படுகிறது. மோசல் கரைக்கும் மைஃபெல்ட் என்னும் விளைநிலப் பகுதிக்கும் இடையிலான வணிக வழியைக் காவல் காப்பதற்கு அந்த இடமே வாய்ப்பாக இருந்தது.

எல்ட்ஸ் குடும்பத்தின் பெயர் 1157இல் பேரரசர் முதலாம் ஃபிரெடரிக் வழங்கிய கொடை ஆவணமொன்றில் சாட்சியாக வருகிறது. அதே குடும்பம்தான் இன்றும் கோட்டைக்கு உடைமையாளர். ஆனால் இக்கோட்டையின் வடிவத்தைத் தீர்மானித்தது அந்த நீண்ட வரலாற்றைவிட, 1268க்குச் சற்று முன்னர் எலியாஸ், வில்ஹெல்ம், தியோடெரிக் என்னும் மூன்று சகோதரர்கள் செய்துகொண்ட பாகப்பிரிவினையே. சொத்தைத் துண்டாடாமல் பல கிளைகள் கூட்டாக அனுபவித்துவந்த இத்தகைய கோட்டையை ஜெர்மானியர் ‘கானெர்பென்பூர்க்’ என்பர். பங்காளிக் கோட்டை என்று தமிழில் சொன்னால் பொருள் சரியாகவே பொருந்தும். வாயிலும் முற்றமும் பொது, அடுப்பும் வீடும் தனித்தனி என்ற ஏற்பாட்டில், யார் எதைப் பராமரிப்பது, பூசல் எழுந்தால் எப்படித் தீர்ப்பது என்பனவற்றை ‘பூர்க்ஃபிரீடன்’ எனப்பட்ட அமைதி உடன்படிக்கைகள் வரையறுத்தன. பாறையில் அகலமாகப் பரவ இடமில்லாததால் ஒவ்வொரு கிளையும் மேல்நோக்கியே வீடு கட்டியது. ரூபெனாக், ரோடென்டோர்ஃப், கெம்பெனிக் எனக் கிளைகளின் பெயர் தாங்கிய அவ்வீடுகள் ஒரு சிறு முற்றத்தைச் சுற்றித் தோளோடு தோள் உரசி நிற்கின்றன. கீழ்த்தளங்கள் தடித்த கற்சுவர்களாகவும், மேல்தளங்கள் மரச்சட்டங்களுக்கு இடையே சாந்து நிரப்பிய இலகுவான சுவர்களாகவும் இருப்பது, பாதுகாப்பைக் கீழேயும் குடித்தனத்தை மேலேயும் வைத்ததன் விளைவு.

1472இல் முடிந்த ரூபெனாக் வீட்டின் படுக்கையறையில் இடநெருக்கடிக்குக் கண்ட தீர்வொன்றை அருகிருந்து காணலாம். வழிபாட்டுப் பீடத்துக்கு மேல் மனிதர் குடியிருக்கலாகாது என்பது அக்காலக் கட்டுப்பாடு. அறைக்கு மேலேயோ இன்னும் தளங்கள் உண்டு. எனவே பீடத்தை மட்டும் சுவருக்கு வெளியே துருத்தி நிற்கும் ஒரு சிறு மாடத்தில் அமைத்து, அதற்கு மேல் தளம் எதுவும் வராதபடி செய்தனர். கட்டுப்பாட்டை மீறாமலேயே கட்டிலுக்கு அருகில் கோயில் வந்து சேர்ந்தது. ரோடென்டோர்ஃப் வீட்டிலுள்ள வீரர் மண்டபத்திலோ, எதையும் தயங்காமல் பேசலாம் என்பதற்கு அடையாளமாகக் கோமாளி முகங்களும், பேசியது வெளியே போகக்கூடாது என்பதற்கு அடையாளமாக வாயிலுக்கு மேல் ஒரு ரோஜாவும் செதுக்கப்பட்டுள்ளன. பங்காளிகள் கூடிப் பேசும் இடத்துக்கு இவ்விரண்டில் ரோஜாதான் கூடுதலாகத் தேவைப்பட்டிருக்கும்.

கோட்டை அழியாமல் நின்றதற்குச் சுவரின் வலிமையை மட்டும் காரணமாகச் சொல்ல இயலாது. 1331இல் தொடங்கிய பூசலில் ட்ரியர் பேராயர் பால்டுவின் எதிர்க் குன்றில் ‘ட்ருட்ஸ்எல்ட்ஸ்’ என்னும் முற்றுகைக் கோட்டையை எழுப்பி, அந்த உயரத்திலிருந்து கல்லெறி பொறிகளால் தாக்கியபோது, பள்ளத்தாக்கில் ஒதுங்கியிருந்ததன் பலவீனம் வெளிப்பட்டது. எல்ட்ஸ் குடும்பத்தார் இறுதியில் அவருடைய மேலாண்மைக்கு இணங்கி, தங்கள் தன்னாட்சியை இழந்து கோட்டையைக் காத்துக்கொண்டனர். 1689இல் பிரெஞ்சுப் படைகள் ரைன், மோசல் கரைக் கோட்டைகளைத் தகர்த்துச் சென்றபோது, அப்படையிலேயே உயர் அலுவலராக இருந்த ஹன்ஸ் அன்டோன் என்னும் எல்ட்ஸ் குடும்பத்தவரின் தலையீட்டால் இது தப்பியது. 1815க்குள் மற்றக் கிளைகளின் பங்குகளும் கெம்பெனிக் கிளையின் கைக்கு வந்து சேர்ந்தன. 1845 முதல் 1888 வரை கார்ல் பிரபு நடத்திய சீரமைப்பு, பழைய கட்டுமானத்தை மாற்றாமல் பேணியமைக்காகப் பாராட்டப்படுகிறது.

கோட்டையைச் சூழ்ந்த எல்ட்ஸ் காடு, ஐரோப்பிய ஒன்றியத்தின் ‘நாட்டுரா 2000’ என்னும் காப்பிடத் தொகுப்பைச் சேர்ந்தது. மோசல்கெர்ன் ரயில் நிலையத்தில் இறங்கி, ஓடையை ஒட்டிச் செல்லும் பாதையில் ஒரு மணி நேரத்துக்கும் மேலாக நடந்து வருவோர், ஊர்ப்புறம் பின்தங்கியபின் மரங்களையும் நீரோசையையும் மட்டுமே துணையாகக் கொண்டு கோட்டையை அடைகின்றனர். மரங்களுக்கிடையே ட்ருட்ஸ்எல்ட்ஸின் இடிபாடும் எஞ்சியிருக்கிறது. உள்ளே வழிகாட்டியுடன் ரூபெனாக், ரோடென்டோர்ஃப் வீடுகளைச் சுற்றிப் பார்க்கலாம். கெம்பெனிக் வீட்டின் கதவு மட்டும் குடும்பத்தாருக்கே உரியது.