இணையத்துக்கும் தண்ணீர்ப் பந்தல் உண்டு!

திருவண்ணாமலை கிரிவலப் பாதையின் நீளம் 14 கி.மீ. பௌர்ணமி இரவில் லட்சக்கணக்கானோர் அதில் நடக்கிறார்கள். அத்தனை பேருக்கும் பெரிய கோயில் வாசலில் ஒரே ஒரு தண்ணீர்க் குழாய்தான் என்றால் என்ன ஆகும்? தள்ளுமுள்ளுதான்! வழியெங்கும் தண்ணீர் கிடைப்பதால், அடி அண்ணாமலையில் நடப்பவர் அங்கேயே தாகம் தீர்த்துக்கொள்கிறார்.

இணையதளத்துக்கும் இதே சிக்கல் உண்டு. ஓர் இணையதளம் ஒரே ஒரு கம்ப்யூட்டரில் இருந்தால், ஆயிரக்கணக்கானோர் ஒரே நேரத்தில் கேட்கும்போது அது திணறும். பிளஸ் 2 தேர்வு முடிவு நாளை நினைத்துப் பாருங்கள். 2025-இல் ஏழரை லட்சத்துக்கும் மேற்பட்டோர் தேர்வு எழுதினார்கள். அதனால்தான் முடிவுகளை ஒரே தளத்தில் மட்டும் வைக்காமல் வேறு தளங்களிலும், டிஜிலாக்கரிலும், எஸ்.எம்.எஸ். மூலமும் தருகிறார்கள்.

யாருடைய யோசனை?

இணைய நெரிசல் பெரிய தலைவலியாகும் என்று 1995-இல் எச்சரித்தவர், வலைத்தளங்களுக்கு வழிவகுத்த டிம் பெர்னர்ஸ் லீ. அமெரிக்காவின் எம்.ஐ.டி. கல்வி நிறுவனத்தில் இருந்த கணிதப் பேராசிரியர் டாம் லெய்ட்டனும் அவருடைய மாணவர் டேனியல் லெவினும் அதற்கு வழி கண்டார்கள். படங்கள், பக்கங்களின் நகல்களைப் பல ஊர்களில் வைத்து, கேட்பவருக்கு அருகிலிருந்து கொடுப்பதே அந்த வழி. 1998-இல் அவர்கள் தொடங்கிய நிறுவனம் அகமாய். இந்தச் சேவைக்கு சி.டி.என். என்று பெயர்.

2010-இல் வந்த கிளவுட்ஃபிளேர், சிறிய தளங்களுக்கும் இச்சேவையை இலவசமாகத் தந்தது. 2015-இல் சென்னையிலும் அதன் மையம் திறக்கப்பட்டது.

எதைத் தேர்ந்தெடுப்பது?

அடி அண்ணாமலையில் உள்ள ஒரு பள்ளி, தனக்கென இணையதளம் தொடங்குகிறது என்று வைத்துக்கொள்வோம். சேவையைத் தேர்ந்தெடுக்கும் முன் ஐந்து கேள்விகள் கேட்க வேண்டும்.

1. பந்தல் பக்கத்தில் இருக்கிறதா? பார்ப்பவர்கள் தமிழ்நாட்டில் என்றால் சென்னையில் மையம் இருப்பது நல்லது. அமெரிக்காவிலிருந்து வருவதைவிட வேகமாக வரும்.

2. பூட்டு உண்டா? முகவரியின் தொடக்கத்தில் 'எச்.டி.டி.பி.எஸ்.' இருந்தால், நாம் அனுப்பும் தகவலை வழியில் யாரும் படிக்க முடியாது.

3. போலிக் கூட்டத்தைத் தடுக்குமா? திருடர்கள் வைரஸ் புகுத்திய ஆயிரக்கணக்கான கம்ப்யூட்டர்களை ஏவி, ஒரே நேரத்தில் ஒரு தளத்தைத் தட்டச் செய்வார்கள். வரிசையில் நிற்கும் உண்மையான ஆட்களுக்கு இடமே இருக்காது. நல்ல சேவை, போலிகளை வாசலிலேயே நிறுத்தும்.

4. செலவு எவ்வளவு? இன்று இலவசம் சரி. நாளை கூட்டம் பெருகினால் பில் வருமா என்று கேட்க வேண்டும்.

5. சாவி யாரிடம்? தளத்தின் பெயர், கடவுச்சொல், மூலப்பிரதி மூன்றும் பள்ளியிடமே இருக்க வேண்டும். சேவை பிடிக்காவிட்டால் வேறொன்றுக்கு மாற அப்போதுதான் முடியும்.

ஐந்தாவது கேள்வி ஏன் முக்கியம்?

2025 நவம்பர் 18 அன்று கிளவுட்ஃபிளேரில் கோளாறு ஏற்பட்டது. யாரும் தாக்கவில்லை. போலிகளைக் கண்டுபிடிக்க அந்நிறுவனம் பயன்படுத்திய ஒரு கோப்பு, இருக்க வேண்டிய அளவைப்போல் இரு மடங்கானது, அவ்வளவுதான்! எக்ஸ், சாட்ஜிபிடி போன்ற பெரிய தளங்களே சில மணி நேரம் தடுமாறின. எவ்வளவு பெரிய பந்தலானாலும் ஒரு நாள் சாயலாம். மூலப்பிரதி கையில் இருந்தால் பள்ளிக்குக் கவலையில்லை.

இன்னொன்று, பிள்ளைகளே! வாசலில் எத்தனை காவலர் நின்றாலும், கடவுச்சொல்லை '12345' என்று வைத்தால் திருடன் நேராக உள்ளே வந்துவிடுவான். மாணவர்களின் தொலைபேசி எண், வீட்டு முகவரி போன்றவற்றைத் தளத்தில் போடவே கூடாது. பந்தலில் தண்ணீர் வைக்கலாம், பணப்பையை வைக்கலாமா?

உங்கள் பள்ளிக்கு இணையதளம் இருக்கிறதா? இருந்தால், அதன் சாவி யாரிடம் என்று ஆசிரியரிடம் கேட்டுப் பாருங்களேன்!