தானாக நீர் பருகும் தொட்டி

சிங்கப்பூரில் தேசியப் பூங்காக் கழகம் 2020ஆம் ஆண்டில் வீடுகளுக்கு இலவச விதைப் பொட்டலங்களை அனுப்பியது. வீவக வீடுகளின் தாழ்வாரங்களில் கீரையும் தக்காளியும் முளைத்தன. முளைக்க வைப்பது எளிது. நாள்தோறும் மறவாமல் நீர் ஊற்றுவதுதான் கடினம். அதனால், சிலர் பழைய பிளாஸ்டிக் பெட்டிகளைக் கொண்டு, தானாக நீர் பெறும் தொட்டிகளை வீட்டிலேயே செய்துகொள்கின்றனர்.

இத்தொட்டியின் மேலடுக்கில் மண்ணும் செடியும் இருக்கும். கீழடுக்கில் நீர் இருக்கும். இரண்டையும் ஒரு திரி இணைக்கிறது. விளக்குத்திரியில் எண்ணெய் ஏறுவதுபோல, நீர் திரியின்வழி மேலேறி மண்ணை ஈரமாக்கும். கீழடுக்கை நிரப்ப ஒரு குழாயும், மிகுதியான நீர் வெளியேறப் பக்கவாட்டில் ஒரு துளையும் உண்டு.

ஆனால், ‘தானாக’ என்னும் சொல்லை நம்பித் தொட்டியை மறந்துவிடக் கூடாது. கண்ணில் படாத அந்த நீரில்தான் ஆபத்து இருக்கிறது. டெங்கிக் காய்ச்சலைப் பரப்பும் ஏடிஸ் கொசு, தேங்கிய தெளிந்த நீரின் ஓரத்தில் முட்டையிடும். அம்முட்டை ஏறத்தாழ ஒரு வாரத்தில் கொசுவாகிவிடும். ஆகவே, குழாயின் வாயை இறுக மூடவேண்டும். துளையில் மெல்லிய வலையைப் பொருத்தவேண்டும். வலை கிழியக்கூடும் என்பதால், வாரம் ஒருமுறை கீழடுக்கைக் காலி செய்வதே பாதுகாப்பு. அந்நீரை வடிகாலில் ஊற்றாமல் மண்ணிலோ புல்தரையிலோ ஊற்றினால், அதிலுள்ள புழுக்கள் மடிந்துவிடும். நீரைக் கொட்டினால் மட்டும் போதாது. உட்புறத்தைத் தேய்த்துக் கழுவவும் வேண்டும். சுவரில் ஒட்டிய முட்டைகள் ஈரமின்றிப் பல மாதங்கள் உயிருடன் இருக்கும்; மீண்டும் நீர் பட்டதும் பொரிக்கும். இதனால், மேலடுக்கைத் தனியே தூக்கி எடுக்கும்படி தொட்டியை அமைப்பது நல்லது. ஒட்டி மூடிய தொட்டியை எப்படிக் கழுவ முடியும்? நீண்ட பயணம் செல்வோர் தொட்டியைக் காலி செய்துவிட்டுச் செடியை அண்டை வீட்டாரிடம் ஒப்படைப்பதே மேல்.

நீர் கீழிருந்தே ஏறுவதால், உரத்தின் உப்பு மண்ணின் மேற்பரப்பில் வெள்ளையாகப் படியும். அப்போது மேலிருந்து தாராளமாக நீர் ஊற்றி, கீழே சேரும் நீரை அகற்றவேண்டும். கீழே நீர் இருந்தும் மண் உலர்ந்திருந்தால் திரியைப் பார்க்கவேண்டும். பருத்தித் திரி விரைவில் மட்கிவிடும். நைலான் திரி நெடுநாள் உழைக்கும். சில வேளைகளில் வேர்கள் துளையை அடைத்துக்கொள்ளும். அப்போது நீர் மேலடுக்குவரை ஏறி வேரை அழுகச் செய்யும். டிசம்பர் மாதத்தில் மழைச்சாரல் விழும் தாழ்வாரங்களில், வலையைக் கழற்றி அத்துளையை அடிக்கடி பார்க்க வேண்டியிருக்கும்.